சுவரைப் பிடித்து நிற்கும் இருபது விநாடிகள்

போட்டி நீச்சலுக்குப் பயிற்சி தரும் எந்தக் குளத்தின் கரையிலும் பெரிய கடிகாரம் ஒன்று இருக்கும். அதில் மணி பார்க்க முடியாது. நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும் விநாடி முள்தான் அதில் முக்கியம். பயிற்சியாளர் பலகையில் ‘10 × 100, 1:40’ என்று எழுதுகிறார். நூறு மீட்டரைப் பத்து முறை நீந்த வேண்டும், 1 நிமிடம் 40 விநாடிக்கு ஒருமுறை சுவரை உதைத்துப் புறப்பட வேண்டும் என்பது இதன் பொருள். முள் 60இல் வரும்போது முதல் நூறு, 40இல் வரும்போது இரண்டாவது, 20இல் மூன்றாவது, மறுபடி 60இல் நான்காவது. லேனில் முதலில் போகிறவர் நூறு மீட்டரை 1:20இல் முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்து 20 விநாடி மூச்சு வாங்குகிறார். அதே லேனில் கடைசியாக வருகிறவர் 1:34இல் முடிக்கிறார். அவருக்குக் கிடைப்பது 6 விநாடி. கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் அது போய்விடும். பயிற்சியாளரின் நோட்டில் இருவருக்கும் ஒரே வரிதான் பதிவாகும்: ஆயிரம் மீட்டர், 1:40. ஆனால் அவர்களின் தசைகளுக்குள் நடந்தது ஒரே பயிற்சி அல்ல.

இப்படி இடையிடையே ஓய்வு வைத்துச் செய்யும் இடைவெளிப் பயிற்சியில் நீந்தும் தூரத்தையும் வேகத்தையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஓய்வை, வேலைக்கு நடுவே இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகையாக நினைக்கிறோம். உடலியல் சொல்வது வேறு. ஒரு செட், அதாவது பலகையில் எழுதிய ஒரு தொகுதி, உடலில் எதை வளர்க்கப்போகிறது என்பதைத் தீர்மானிப்பதில் ஓய்வின் நீளத்துக்கு வேகத்துக்கு நிகரான பங்கு உண்டு. எந்த வேகம் என்பதைப் போட்டியிலிருந்தும் சோதனையிலிருந்தும் எடுத்துக்கொண்டு, அந்த வேகம் கடைசி முறைவரை குலையாமல் நிற்க எவ்வளவு ஓய்வு தேவையோ அதை நீச்சல்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிர்ணயிப்பதே முறை. ஓய்வைக் குறைப்பதையே கடுமைக்கு அளவுகோலாக வைத்துக்கொள்வதால் பிள்ளைகளின் உழைப்பு ஏராளமாக வீணாகிறது.

ஓய்வை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் முதலில் ஓட்டப் பயிற்சியில்தான் வந்தார்கள். 1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் சேர்ந்து உழைத்தார்கள். அவர்களின் விதி இது: வேகமாக ஓடி நாடித்துடிப்பு 180 வரை ஏறட்டும். அது 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். 90 விநாடிக்குள் அப்படி இறங்காவிட்டால் ஓட்டம் அளவுக்கு மீறியது என்று அர்த்தம். இதயம் பலம்பெறுவது ஓட்டத்தைவிட இடையில் வரும் அந்த ஓய்வில்தான் என்பது அவர்களின் நம்பிக்கை. அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் முழுவதையும் இன்றைய உடலியல் ஏற்பதில்லை. ஆனால் கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1:46.6இல் ஓடியது, 1955 வரை உலகச் சாதனையாக நின்றது. நீச்சலுக்கு இந்தச் சிந்தனையை ஒழுங்காகக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர். 1968இல் வந்த கவுன்சில்மனின் நீச்சல் அறிவியல் நூல், பயிற்சி வகைகளைப் பிரிப்பதற்கு நீந்தும் வேகத்தோடு ஓய்வின் நீளத்தையும் அடிப்படையாக வைத்தது. குளத்தங்கரைக் கடிகாரம் உலகெங்கும் பரவியதற்கும் அவர் ஒரு முக்கியக் காரணம்.

ஓய்வில் உடல் என்ன செய்கிறது? தசை சுருங்குவதற்கு நேரடி எரிபொருள் ஏ.டி.பி. அது கையிருப்பில் மிகக் கொஞ்சமே உண்டு. சில விநாடிக்குக்கூடப் போதாது. தீரத் தீர அதை உடனுக்குடன் புதுப்பித்துத் தருவது பாஸ்போகிரியேட்டின். முழு வேகத்தில் 25 மீட்டர் நீந்தினால் இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும். 1970களில் எரிக் ஹல்ட்மன், ரோஜர் ஹாரிஸ் ஆகியோர் தொடைத் தசையிலிருந்து ஊசியால் துணுக்குகளை எடுத்து, உழைப்பு முடிந்தபின் இந்தச் சேமிப்பு எப்படித் திரும்புகிறது என்று அளந்தார்கள். இறைத்த கிணறு ஊறுவதுபோல அது முதலில் விறுவிறுவென்றும் பிறகு மெதுவாகவும் நிறைகிறது. இழந்ததில் பாதி ஏறத்தாழ அரை நிமிடத்தில் திரும்பிவிடும். முழுமையை நெருங்க மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். இந்த மீட்புக்கு ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் நெடுந்தூரப் பயிற்சியால் ஆக்சிஜன் பயன்பாடு பெருகியவர்கள் சுவரைப் பிடித்து நிற்கும் நேரத்தில் விரைவாகத் தேறுகிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் ஒருவருக்கு 30 விநாடி தேவைப்பட்ட செட் மூன்று மாதம் கழித்து 20 விநாடியில் முடிகிறது என்றால், அது அவருடைய உடல் மாறியிருப்பதன் தெளிவான அடையாளம்.

இரண்டாவது கணக்கு லாக்டேட் பற்றியது. பாஸ்போகிரியேட்டின் தளரும்போது தசை சர்க்கரையை வேகமாகச் சிதைக்கிறது; அதன் விளைவாக லாக்டேட் சேர்கிறது, தசையின் அமிலத்தன்மை ஏறுகிறது. லாக்டேட்டை நஞ்சு என்று நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதயமும் மற்றத் தசைகளும் அதை எடுத்து எரிபொருளாக்கிக்கொள்கின்றன என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி; மறுநாள் வரும் உடல்வலிக்கும் அது காரணம் அல்ல. ஆனாலும் கடும் உழைப்புக்குப் பின் அசையாமல் இருந்தால், ரத்தத்தில் ஏறிய லாக்டேட் பாதியாகக் குறைய 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். ஆக ஒரே உடலில் இரண்டு மீட்புகள் இருவேறு வேகத்தில் நடக்கின்றன. ஒன்றை அரை நிமிடத்தில் எண்ண வேண்டும், மற்றதைக் கால் மணி நேரத்தில். பத்து விநாடி ஓய்வு, ஒரு நிமிட ஓய்வு, ஆறு நிமிட ஓய்வு ஆகியவை ஒரே பொருளின் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகள் அல்ல என்பது இதிலிருந்து தெரியும். மூன்றிலும் உடல் வெவ்வேறு நிலையில் அடுத்த உதைப்புக்குத் தயாராகிறது.

மூன்றாவது, ஆக்சிஜன். நீந்தத் தொடங்கியதும் ஆக்சிஜன் நுகர்வு உச்சத்துக்கு உடனே ஏறிவிடாது. கடும் வேகத்தில் இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். நின்றதும் அது உடனே அடிமட்டத்துக்கு விழுந்துவிடுவதும் இல்லை. பத்துப் பதினைந்து விநாடி நிறுத்திவிட்டு மறுபடி புறப்பட்டால் ஏறிய நுகர்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அடுத்த நூறு மேட்டிலிருந்தே தொடங்கும். குறுகிய ஓய்வு வைத்த நீண்ட செட் ஆக்சிஜன் சார்ந்த திறனை வளர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஓய்வு ஐந்து நிமிடமானால் நுகர்வு தணிந்துவிடும், பாஸ்போகிரியேட்டின் நிறைந்துவிடும்; அடுத்த நூறை ஏறத்தாழப் புதிதாகவே நீந்தலாம். அதற்கேற்ற உச்ச வேகத்தை அப்போது கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

உழைப்புக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதத்தைச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று பயிற்சி அட்டவணைகள் எழுதுவது வழக்கம்தான். விகிதம் மட்டும் போதாது என்பதை 1960இல் ஸ்வீடனில் ஆஸ்ட்ராண்ட் தம்பதியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை அழகாகக் காட்டுகிறது. நல்ல உடல்திறன் கொண்ட ஒருவரைச் சைக்கிள் அளவியில் ஏற்றினார்கள். இடைவிடாமல் மிதித்தால் சுமார் 9 நிமிடத்தில் சோர்ந்து நின்றுவிடும் அளவுக்குக் கனமான பளு. அதே பளுவை மிதி, நிறுத்து, மிதி, நிறுத்து என்று மாற்றியதும் அவரால் ஒரு மணி நேரம் தொடர முடிந்தது. மூன்று நிமிடம் மிதித்து மூன்று நிமிடம் ஓய்ந்தபோது லாக்டேட் மிக உயர்ந்து, கடைசியில் தள்ளாடும் நிலை. அரை நிமிடம் மிதித்து அரை நிமிடம் ஓய்ந்தபோது லாக்டேட் ஓய்வு நிலைக்குச் சற்றுத்தான் மேலே. பளு ஒன்று, மொத்த வேலை ஒன்று, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதமும் ஒன்று. துண்டுகளின் நீளம் மட்டுமே மாறியது; உடலின் அனுபவம் தலைகீழாயிற்று. ஒரே ஒருவரிடம் செய்த சோதனை என்ற குறை இதற்கு உண்டு. ஆனால் அதன் சாரத்தைப் பின்வந்த ஆய்வுகள் பலமுறை உறுதி செய்திருக்கின்றன. 50 மீட்டர்களாக நறுக்கிய செட்டும் 200 மீட்டர்களாக நறுக்கிய செட்டும் தாளில் ஒரே தூரமாக இருந்தாலும், அவற்றுக்கு ஒரே விகிதத்தில் ஓய்வு கொடுத்து ஒரே பலனை எதிர்பார்ப்பது தவறு.

இனி வேகத்துக்கு வருவோம். ‘நன்றாகப் போ’, ‘எண்பது சதவீதம்’ போன்ற சொற்களை நீர் சகித்துக்கொள்ளாது. நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடியாக வளர்கிறது; அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியாக வளர்கிறது. நூறு மீட்டரை 1:20இல் நீந்துகிறவர் 1:18இல் நீந்தினால் வேகம் கூடுவது இரண்டரை சதவீதம்தான். தேவைப்படும் திறனோ சுமார் 8 சதவீதம் கூடிவிடும். இரண்டு விநாடிதானே என்று கரையிலிருந்து தோன்றும். அந்த இரண்டு விநாடி, மூச்சுச் சீராக நடக்கும் பயிற்சியை லாக்டேட் குவிக்கும் பயிற்சியாக மாற்றிவிடப் போதும். ஓடுகிறவருக்குக் கிடைக்கும் நெகிழ்வு நீந்துகிறவருக்கு இல்லை. அதனால் வேகத்தை விநாடியில் சொல்ல வேண்டும். அந்த விநாடி அந்த நபருடையதாக இருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. 1992இல் ஜப்பானின் வகாயோஷியும் குழுவினரும் நீச்சலுக்குப் பொருத்திக் காட்டிய ஒரு கணக்கு உண்டு. இரண்டு தூரங்களை முழு முயற்சியோடு நீந்தி, தூர வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால், தளராமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வேகத்தின் எல்லை கிடைக்கும். பயிற்சிக் குளங்களில் 400 மீட்டரையும் 200 மீட்டரையும் பயன்படுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒரு வீராங்கனை 400ஐ 5:00இலும் 200ஐ 2:20இலும் நீந்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் வித்தியாசம், 160 விநாடி வித்தியாசம், விநாடிக்கு 1.25 மீட்டர், நூறு மீட்டருக்கு 1:20. இதுதான் அவருடைய எல்லை வேகம். இந்தக் கணக்கின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். லாக்டேட் ஏறாமல் அரை மணி நேரம் நீந்தக்கூடிய உண்மையான வேகத்தைவிட இது சற்றுக் கூடுதலாகவே வருகிறது என்று பின்னர் அளந்தவர்கள் கண்டார்கள். ஒரே மூச்சில் 2000 மீட்டரை இந்த வேகத்தில் கேட்டால் நடுவில் குலைந்துபோகும். நூறு நூறாகப் பிரித்து நடுவே 10 முதல் 20 விநாடி கொடுத்தால் அதே வேகம் நிற்கும். கணக்கின் பிழையை ஈடுசெய்வதுகூட ஓய்வுதான்.

அதே வீராங்கனையை இன்னும் சிறிது தூரம் பின்தொடர்வோம். அவருடைய சிறந்த நூறு 1:05 என்று கொள்ளலாம். பலகையில் அவருக்கு நூறு மீட்டர்கள் எழுத வேண்டும். 1:20 வேகம், 15 விநாடி ஓய்வு, பத்து முதல் இருபது முறை என்றால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும். கடைசி நூறும் முதல் நூறும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 1:15 வேகம், முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு முறை என்றால் ஆக்சிஜன் நுகர்வு உச்சத்துக்குப் போகும். கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கடினமாக இருக்கும். 1:07 வேகம், ஆறு நிமிட இடைவெளி, நான்கே முறை என்றால் லாக்டேட்டைத் தாங்கி வேகம் காக்கும் பயிற்சி. நூறு, இருநூறு மீட்டர் போட்டியின் கடைசி நீளத்தில் கை தளராமல் இருக்க இது உதவும். இப்போது மூன்றாவது செட்டின் ஓய்வை ஒரு நிமிடமாகக் குறைத்தால் என்ன ஆகும்? கடினம் கூடும், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது முறையே 1:12, நான்காவது முறை 1:17 என்று விழும். போட்டி வேகத்தைப் பழக்க எழுதிய செட், போட்டியில் எங்குமே வராத ஒரு வேகத்தைப் பழக்கிவிடும். எதை வளர்க்க எழுதினோமோ அது வளரவில்லை. பிள்ளை களைத்திருக்கிறது என்பது மட்டும் உண்மை.

இதில் நுரையீரலையும் தசையையும் தாண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நீச்சல் அடிப்படையில் நுட்பம் சார்ந்த விளையாட்டு. கை நீரில் நுழையும் கோணம், முழங்கை உயர்ந்து நின்று நீரைப் பற்றும் விதம், உடல் நீளமாகக் கிடக்கும் தட்டைநிலை இவைதான் தடையைக் குறைக்கின்றன. எல்லை வேகத்தைத் தாண்டி நீந்தும்போது முதலில் குறைவது ஒரு வீச்சுக்குக் கடக்கும் தூரம். வேகத்தைக் காப்பாற்ற வீச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். கரையில் நின்று எண்ணினால் கண்கூடாகத் தெரியும்: முதல் நூறில் 50 மீட்டர் நீளத்துக்கு 38 வீச்சு எடுத்தவர் எட்டாவது நூறில் 44 எடுக்கிறார், முழங்கை சரிகிறது, இடுப்பு தாழ்கிறது. நேரம் இன்னும் 1:20தான், அதனால் பயிற்சியாளர் திருப்தியாக இருக்கிறார். உடலோ சரிந்த முழங்கையோடு நீந்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் நரம்பு மண்டலம் மனப்பாடம் செய்யும். நல்ல வீச்சு, கெட்ட வீச்சு என்று பிரித்துப் பார்க்காது. ஒரு செட்டில் ஓய்வு போதுமா என்பதற்குக் கடிகாரத்தைவிட நேர்மையான சாட்சி வீச்சு எண்ணிக்கைதான் என்று நான் நினைக்கிறேன். நீளத்துக்கு மூன்று வீச்சு கூடிவிட்டால் ஓய்வைக் கூட்டுங்கள் அல்லது செட்டை நிறுத்துங்கள்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் மறுப்பார். போட்டியின் கடைசி 50 மீட்டரில் யாருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. களைப்பிலும் நீந்தப் பழகாத பிள்ளை அங்கே உடைந்துபோகும். ஓய்வைக் குறைத்து, தூரத்தைக் கூட்டித்தான் மனஉறுதி வரும் என்பார். இந்த வாதத்தில் ஒரு பகுதி சரி. களைப்பில் நுட்பத்தைக் காப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைதான். போட்டி நெருங்கும்போது அதற்கென்று சில செட்கள் இருக்கலாம். ஆனால் தினமும் அப்படித்தான் என்றால் பலன் கிடைக்கிறதா? 1991இல் டேவிட் காஸ்டிலும் குழுவினரும் கல்லூரி நீச்சல் வீரர்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு நாளுக்கு ஒரு வேளை, ஒன்றரை மணி நேரம். இன்னொரு குழு ஆறு வாரம் நாளுக்கு இரு வேளை. தாக்குப்பிடிக்கும் திறனில் இரு குழுவுக்கும் வித்தியாசம் வரவில்லை. இரு வேளை நீந்தியவர்களின் குறுந்தூர வேகமோ அந்த வாரங்களில் குறைந்தது. 1995இல் இனிகோ மூஹிகாவும் சகாக்களும் பிரான்சின் உயர்நிலை வீரர்களை ஒரு பருவம் முழுக்கக் கவனித்ததில், முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தது பயிற்சியின் சராசரித் தீவிரம். தூரமோ பயிற்சி வேளைகளின் எண்ணிக்கையோ அல்ல. இரண்டும் முடிந்த முடிவுகள் அல்ல. 1500 மீட்டர் நீந்துகிறவருக்கு 100 மீட்டர்காரரைவிட அதிகத் தூரம் வேண்டும் என்பதை இவை மறுக்கவும் இல்லை. ஆனால் ஓய்வைப் பிடுங்கித் தூரத்தை நிரப்பினால் தானாக முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கைக்கு இவை ஆதரவு தரவில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு வாதம் வருகிறது. எல்லாப் பயிற்சியும் போட்டி வேகத்திலேயே நடக்க வேண்டும். மெதுவாக நீந்தும் ஒவ்வொரு மீட்டரும் வீண் என்கிறார் அமெரிக்காவின் பிரென்ட் ரஷல். அவருடைய முறையில் 25, 50 மீட்டர்த் துண்டுகளைப் போட்டி வேகத்தில் நீந்தி, நடுவே 15, 20 விநாடி மட்டும் ஓய்ந்து, இருபது முப்பது முறை செய்கிறார்கள். துண்டு குறுகியது என்பதால் ஆஸ்ட்ராண்டின் சோதனையில் கண்டதுபோல லாக்டேட் அதிகம் குவிவதில்லை, வேகம் நிற்கிறது. இலக்கு நேரத்தைத் தவறவிட்டால் ஒருமுறை விட்டுவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம்; தொடர்ந்து இருமுறை தவறினால் அல்லது மொத்தம் மூன்று முறை தவறினால் அன்றைக்கு அந்த செட் முடிந்தது. வேகம் குலைந்தபின் நீந்தாதே என்ற இந்த விதி பொன்னானது. எந்த முறையைப் பின்பற்றுகிறவரும் இதை எடுத்துக்கொள்ளலாம். இந்த வழியில் வளர்ந்த மைக்கேல் ஆண்ட்ரூ டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 4 × 100 மெட்லி தொடர்நீச்சல் அணியில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். தனிநபர்ப் போட்டிகளில் அவருக்கு அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. ஒருவருடைய வெற்றியையோ தோல்வியையோ வைத்து ஒரு முறையை நிறுவவும் முடியாது, தள்ளவும் முடியாது. எனக்குள்ள தயக்கம் வேறு: 200 மீட்டருக்கு மேற்பட்ட போட்டிகளில் பாதிக்கு மேலான ஆற்றல் ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. அந்த அடித்தளத்தைக் கட்டுவதற்கு எல்லை வேகத்தில் நீண்ட செட்கள் எளிதான, நன்கு சோதிக்கப்பட்ட வழி. அதை முழுக்கக் கைவிடச் சொல்லும் அளவுக்கு ரஷலின் பக்கம் சான்று வலுவாக இல்லை.

போட்டி வேகத்தை எடுக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு சிறு விஷயம் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கேட்டி லெடெக்கி 800 மீட்டரை 8:04.79இல் நீந்தினார்; சராசரியாக 50 மீட்டருக்கு 30.3 விநாடி. நெடுந்தூரத்தில் இப்படி வகுத்தாலே போதும். குறுந்தூரத்தில் போதாது. முதல் 50 மேடையிலிருந்து பாய்ந்து தொடங்குவது. சுவரை உதைத்துத் தொடங்குவதைவிட இதில் ஒன்றரை, இரண்டு விநாடி லாபம். 100 மீட்டரை 1:05இல், முதல் பாதி 31, இரண்டாம் பாதி 34 என்று நீந்துகிறவருக்குப் பயிற்சி இலக்கு 34ஐ ஒட்டி இருக்க வேண்டும், 32.5 என்று எழுதினால் அவருடைய போட்டி வேகத்தைவிட வேகமாக நீந்தச் சொல்கிறோம். அதுபோல 25 மீட்டர்க் குளத்தில் திருப்பங்கள் இரு மடங்குக்கும் அதிகமாவதால் நேரம் குறையும். ஒரு குளத்தில் எடுத்த எல்லை வேகத்தை இன்னொரு குளத்துக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

கெர்ஷ்லரின் காலத்திலிருந்து வரும் நாடித்துடிப்பு விதியைக் குளத்தில் பயன்படுத்தலாமா? எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். படுத்த நிலையும் நீரின் அழுத்தமும் சேர்ந்து நீச்சலில் துடிப்பை ஓட்டத்தைவிட நிமிடத்துக்குப் பத்து அளவில் குறைத்துவிடுகின்றன. ஓட்டப் பயிற்சிக்கான எண்ணை அப்படியே வைத்தால் தேவையற்ற கடுமை வரும். கழுத்தில் விரல் வைத்துப் பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கும்போது ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் ஆறு தவறும். குறுகிய, அதிவேகத் துண்டுகளில் துடிப்பு உச்சத்துக்கு ஏறும்முன்பே நீச்சல் முடிந்துவிடும். அங்கே துடிப்பைப் பார்ப்பதில் பயனே இல்லை. நீண்ட செட்களில், அதே வேகத்துக்கு இந்த மாதம் துடிப்பு குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடுவதற்குத்தான் அது உதவும்.

ஓய்வில் சும்மா நிற்பதா, மெதுவாக நீந்துவதா என்பதும் செட்டைப் பொறுத்தது. ஆறு நிமிட இடைவெளியுள்ள கடும் நூறுகளில் நூறு, இருநூறு மீட்டர் மெதுவாக நீந்தினால் லாக்டேட் விரைவாக அகலும். நிற்பதைவிட அது நல்லது. 25 மீட்டர் அதிவேகத் துண்டுகளில் நிலைமை எதிர்மாறு. கிரேக்க ஆய்வாளர் டூபெகிஸும் குழுவினரும் சோதித்தபோது, இடையில் மெதுவாக நீந்தியவர்களைவிடச் சும்மா ஓய்ந்தவர்களே அடுத்தடுத்த துண்டுகளில் வேகத்தைக் காத்தார்கள். பாஸ்போகிரியேட்டின் நிறைவதற்குத் தேவையான ஆக்சிஜனை மெதுவான நீச்சல் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதே இதற்கான விளக்கம். ‘சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்காதே’ என்ற அதட்டல் இந்த இடத்தில் பிள்ளைக்குத் தீங்கு.

பருவமடையாத சிறுவர்கள் கடும் உழைப்பிலிருந்து பெரியவர்களைவிட விரைவாகத் தேறுகிறார்கள். அவர்களின் தசை லாக்டேட்டைக் குறைவாகவே உண்டாக்குகிறது. பதினொரு வயதுப் பிள்ளை 15 விநாடியில் புத்துணர்ச்சியோடு நிற்பதைப் பார்த்து, பதினாறு வயது அண்ணனைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். அந்த அண்ணனின் தசை இப்போது பெரிய அளவில் ஆற்றலைக் கொட்டுகிறது, அதற்கேற்ப நீண்ட ஓய்வையும் கேட்கிறது. வளர்ச்சியின் அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் பழைய ஓய்வையே வைத்திருந்தால், வேகம் தேங்கியதற்குப் பயிற்சியாளரும் பெற்றோரும் வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நடைமுறையில் எழும் கடைசி மறுப்புதான் மிகவும் நியாயமானது. ஒரு லேனில் எட்டுப் பேர், கரையில் ஒரு பயிற்சியாளர். எட்டுப் பேருக்கும் தனித்தனி ஓய்வு எப்படித் தர முடியும்? முழுமையாக முடியாது. ஆனால் முதலில் சொன்ன 20 விநாடி, 6 விநாடி என்ற இடைவெளியை நிச்சயம் குறைக்கலாம். வயதைப் பார்க்காமல் எல்லை வேகத்தைப் பார்த்து லேன்களைப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும். மெதுவாக வருகிறவருக்கு 100க்குப் பதில் 75 கொடுத்து அதே புறப்பாட்டு நேரத்தில் விடலாம். 1:34க்கு நூறு நீந்துகிறவர் அதே வேகத்தில் 75ஐ 1:10, 1:11இல் முடித்து அரை நிமிடம் ஓய்வார். கொஞ்சம் கூடுதல்தான், அடுத்த வாரம் புறப்பாட்டை அவருக்கென்று 1:30 ஆக்கலாம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை 400ஐயும் 200ஐயும் மறுபடி சோதிக்க ஒரு காலை போதும். முன்னேற்றம் தெரிந்தால் வேகம், ஓய்வு, எண்ணிக்கை மூன்றில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பயிற்சியாளர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பலகையில் தூரத்தையும் புறப்பாட்டு நேரத்தையும் எழுதும்போது, இந்த செட்டில் ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் தொட வேண்டும், எத்தனை விநாடி ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். செட் முடிந்ததும் கடைசி நூறின் நேரத்தையும் வீச்சு எண்ணிக்கையையும் முதல் நூறோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகியிருந்தால், பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் அடுத்த முறை ஓய்வைப் பத்து விநாடி கூட்டிப் பாருங்கள்.